ரூட் ராஜாங்கம்: 'சு' முதல் 'நியூரோல்' வரை

யூனிக்ஸ், லினக்ஸ் பொட்டி தட்டுற எல்லாரும் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது 'சூடோ'ன்னு அடிச்சிருப்போம். பாஸ்வேர்டு கேக்கும், கொடுப்போம், வேலை முடிஞ்சிடும். அந்த ஒரு நொடியில கம்ப்யூட்டர்கிட்ட நாம என்ன கேட்டோம்? "நான் இப்ப சாதா ஆள் இல்லை, கொஞ்ச நேரத்துக்கு வேற ஆள்"னு சொன்னோம். அதுவும் சரின்னு ஒத்துக்கிச்சு.

இந்த 'வேற ஆள் ஆகுறது' இருக்கே, இதுக்குப் பின்னாடி ஐம்பது வருஷத்துக்கு மேல ஒரு வழக்கு ஓடிக்கிட்டிருக்கு. அதிகாரம் ஆளுக்கா, இல்லை அவன் செய்யுற வேலைக்கா? இதுதான் வழக்கு. பெல் லேப்ஸ், எம்.ஐ.டி., ஒரு பல்கலைக்கழகத்தோட கம்ப்யூட்டர் அறை, கடைசியில அமெரிக்க உளவு நிறுவனம் வரைக்கும் இதுல வாதி பிரதிவாதியா வந்து போயிருக்காங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க :-)

முதல்ல மல்டிக்ஸ்

யூனிக்ஸுக்கு முன்னாடி மல்டிக்ஸ். எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூணு பேரும் 1960களின் நடுவில் சேர்ந்து கட்ட ஆரம்பித்த பிரம்மாண்டமான ஆபரேட்டிங் சிஸ்டம். அதில் ஒருவர் லாகின் செய்தால் அவருடைய அடையாளம் வெறும் பெயர் மட்டும் இல்லை. பெயர், அவர் எந்தப் புராஜெக்ட்டுக்காக உள்ளே வந்திருக்கிறார், அப்புறம் ஒரு குறியெழுத்து, ஆக மூணு துண்டு. அதே ஆள் வேற புராஜெக்ட் பெயரில் லாகின் செய்தால், சிஸ்டத்தின் கண்ணுக்கு அவர் வேற ஆள். நிர்வாக வேலைக்கென்றே தனி புராஜெக்ட் இருந்தது. எல்லாம் வல்ல ஒரே கடவுள் மாதிரி ஒரு யூசர் அங்கே கிடையாது.

இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் இதே விஷயம் வேற சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வரும்.

1969-ல் பெல் லேப்ஸ் மல்டிக்ஸிலிருந்து விலகியது. அங்கே வேலை பார்த்த கென் தாம்சன், ஓரமாகக் கிடந்த ஒரு பி.டி.பி-7 மெஷினில் தனக்குன்னு ஒரு சின்ன சிஸ்டம் எழுத ஆரம்பித்தார். டென்னிஸ் ரிட்சியும் சேர்ந்துகொண்டார். மல்டிக்ஸைக் கிண்டல் செய்து வைத்த பெயர்தான் யூனிக்ஸ். மல்டிக்ஸில் பலது பலதாக இருந்ததெல்லாம் இங்கே ஒண்ணே ஒண்ணு. அதிகாரமும் அப்படித்தான். யூசர் எண் பூஜ்யம். அவர்தான் ரூட். அவரைக் கேள்வி கேட்க ஆளில்லை.

'சு' வந்தார்

1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே 'சு' கட்டளை இருக்கிறது. அதை அடித்து, ரூட்டின் பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தால் சூப்பர் யூசர் ஆகிவிடலாம். பின்னாளில் இந்த 'சு', ரூட் மட்டுமில்லாமல் யாராக வேண்டுமானாலும் மாறுவதற்கும் பயன்பட ஆரம்பித்தது.

ஒரு சின்ன சிக்கல் இருந்தது. சாதாரண ஆள் ஓட்டுகிற புரோகிராமுக்குச் சாதாரண அதிகாரம்தானே இருக்கும்? அப்புறம் 'சு' மட்டும் எப்படி ஒருத்தரை ரூட் ஆக்குகிறது?

இங்கேதான் டென்னிஸ் ரிட்சியின் மூளை. ஒரு புரோகிராம் கோப்பின் மேல் ஒரு பிட்டை வைத்துவிட்டால், அதை யார் ஓட்டினாலும், அது ஓட்டுகிறவரின் அதிகாரத்தில் ஓடாது, அந்தக் கோப்பின் சொந்தக்காரர் அதிகாரத்தில் ஓடும். இதுதான் 'செட்யூஐடி' பிட். நம்ம பாஸ்வேர்டை நாமே மாற்றிக்கொள்ள முடிவது இதனால்தான். பாஸ்வேர்டு கோப்பு ரூட்டுக்குச் சொந்தம், நாம தொடக்கூடாது. ஆனால் பாஸ்வேர்டு மாற்றும் புரோகிராம் தொடலாம். விளையாட்டுப் புரோகிராம்கள் ஸ்கோர் எழுதி வைக்கவும் இதே வழிதான். ஸ்கோர் கோப்பை நேரா திறந்து திருத்த முடியாது, ஆடித்தான் ஆகணும்!

இந்த யோசனைக்கு பெல் லேப்ஸ் 1973 ஜூலையில் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தது. 1979 ஜனவரியில் கிடைத்தது. எண் 4,135,240, கண்டுபிடித்தவர் பெயர் டென்னிஸ் ரிட்சி. அப்புறம் அதை எல்லாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டுவிட்டார்கள். அந்த நல்ல மனசு மட்டும் இல்லைன்னா இன்னைக்கு லினக்ஸ் எப்படி இருந்திருக்குமோ.

யோசனை பிரமாதம். ஆனால் இதுக்குள்ளேயே ஒரு ஆப்பும் இருந்தது. செட்யூஐடி வைத்த ரூட் புரோகிராமில் ஒரே ஒரு ஓட்டை இருந்தால் போதும், அதை ஓட்டுகிற எவனும் ரூட் ஆகலாம். அந்த ஆப்பு பற்றிப் பிறகு.

1975-ல் எம்.ஐ.டி.யின் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மல்டிக்ஸில் ஊறியவர்கள். அவர்கள் சொன்ன கொள்கைகளில் ஒன்று இன்று பாதுகாப்புப் பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவுதான் கொடுக்கணும், ஒரு பிடி கூட அதிகம் கூடாது. யூனிக்ஸின் ரூட் இதுக்கு நேர் எதிர். அச்சு எடுக்கும் வரிசையைச் சரி பண்ணணுமா, ரூட். தேதியை மாத்தணுமா, ரூட். ஒரு அறை பூட்டைத் திறக்க மொத்த வீட்டுச் சாவிக்கொத்தையும் கொடுக்கிற கதை.

சாவிக்கொத்து யார் இடுப்பில்?

பெர்க்லியில் வளர்ந்த பி.எஸ்.டி. யூனிக்ஸில் ஒரு கட்டுப்பாடு வந்தது. 'வீல்' என்ற குழுவில் இருப்பவர் மட்டும்தான் 'சு' போட்டு ரூட் ஆகலாம். பாஸ்வேர்டு தெரிந்தால் மட்டும் போதாது. டெனெக்ஸ் என்ற பழைய சிஸ்டத்தில் அதிகாரம் உள்ளவர்களுக்கு இருந்த 'வீல்' என்ற அடையாளத்திலிருந்து வந்த பெயர். ஆங்கிலத்தில் பெரிய புள்ளியை 'பெரிய சக்கரம்' என்பார்கள், அதுதான் மூலம்.

நல்ல விஷயம்தானேன்னு தோணுதா? ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குத் தோணலை. குனு திட்டத்தின் 'சு' கட்டளையில் வீல் குழு வசதி கிடையாதுன்னு அவர் முடிவெடுத்து, ஏன்னு காரணத்தையும் அந்தக் கையேட்டிலேயே எழுதி வைத்தார். காரணம் ஒரு புரட்சிக் கதை!

1984-ல் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்தில் சிலர், அங்கிருந்த டுவனெக்ஸ் மெஷினின் ஆபரேட்டர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மத்தவர்களுக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டார்களாம். மெஷின் மொத்தமும் நாலு பேர் கையில். ஸ்டால்மன் கெர்னலிலேயே ஒட்டுப் போட்டு அதிகாரத்தை மறுபடியும் எல்லாருக்கும் கொடுத்தாராம். அவர் வாதம் என்னன்னா, பாஸ்வேர்டு மட்டும் போதும் என்றால், மனசாட்சி உள்ள ஒரு நிர்வாகி அதைச் சாதாரண ஜனங்களிடம் சொல்லிவிட முடியும். வீல் குழு அந்தக் கதவையும் அடைத்துவிடும். தான் ஆளுகிறவர்கள் பக்கம் இல்லை, ஆளப்படுகிறவர்கள் பக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்.

ஒரு மென்பொருள் கையேட்டில் அரசியல் அறிக்கை! சிரிப்பு வரலாம். ஆனா யோசிச்சுப் பாத்தா, அதிகாரம் மாறுகிற கட்டளை எதுவாக இருந்தாலும் அதுக்குள்ள ஒரு அரசியல் இருக்கத்தான் செய்யும். பஃபலோ ஆட்கள் எடுத்தது இன்னொரு அரசியல்.

சூடோ: உன் பேர் சொல்லிட்டுப் போ

1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகம். கம்ப்யூட்டர் துறையில் ஒரு வேக்ஸ்-11/750 மெஷின். பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் அதில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார்கள். 'சு', அதாவது ஆள் மாறு. 'டூ', அதாவது செய். சேர்த்தால் 'சூடோ'.

1985 டிசம்பரில் இதன் மேம்பட்ட வடிவம் யூஸ்நெட்டில் வெளியானது. அப்புறம் கொலராடோ பல்கலைக்கழகம் போல்டருக்குப் போய் வளர்ந்தது. 1990களின் நடுவிலிருந்து டாட் மில்லர் என்பவர் அதைப் பராமரித்து வருகிறார். முப்பது வருஷம்! உலகத்துல பாதி சர்வர் ஒரு மனுஷன் கவனிப்பில் இருக்குற மாதிரி.

சூடோ செய்த மாற்றம் மூணு. ஒண்ணு, ரூட் பாஸ்வேர்டு கேக்காது, உங்க சொந்த பாஸ்வேர்டுதான் கேக்கும். இரண்டு, யார் எந்தக் கட்டளையை ஓட்டலாம்னு ஒரு கோப்பில் பட்டியல் போட்டு வைக்கலாம். மூணு, யார் என்ன செய்தார்கள்னு பதிவாகும்.

இந்த மூணாவதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் பெருசு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் சர்வர் ரூட் பாஸ்வேர்டு ஒரே ஒண்ணு, தெரிஞ்சவங்க ஏழெட்டு பேர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு அடைவு மொத்தமும் காணாமல் போனது. யார் அழிச்சாங்கன்னு பதிவைப் பார்த்தால் 'ரூட்' என்று இருக்கிறது. ரூட்னா யாரு? எல்லாரும்தான், யாருமில்லைதான். திங்கட்கிழமை விசாரணையில் பழி விழுந்தது, சேர்ந்து மூணு மாசம்கூட ஆகாத ஒரு பையன் மேல. அவன்தான் செஞ்சான்னு நிரூபிக்கவும் முடியாது, செய்யலைன்னு அவன் நிரூபிக்கவும் முடியாது. சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன் மாட்டிக்கிட்டான், அவ்வளவுதான். அடுத்த மாசம் அவன் அங்கே இல்லை.

பொது பாஸ்வேர்டு என்பது சமத்துவம்னு ஸ்டால்மன் நினைத்தார். நல்லவர்கள் நாலு பேர் இருக்கிற ஆய்வகத்தில் அது சரியாக இருக்கலாம். மேலே கீழே படிநிலை உள்ள அலுவலகத்தில், பேர் பதியாத அதிகாரம் கடைசிப் படியில் நிக்கிறவன் தலையில்தான் விடியும். சூடோ வைக்கிற பதிவு, அதிகாரம் உள்ளவனைப் பிடிக்கிறதுக்கு மட்டுமில்லை, இல்லாதவனைக் காப்பாத்துறதுக்கும்தான்.

2004 அக்டோபரில் வந்த உபுண்டுவின் முதல் வெளியீடு ரூட் கணக்கையே பூட்டி வைத்துவிட்டு, எல்லாம் சூடோ வழியேதான்னு சொன்னது. அதுக்கப்புறம்தான் சூடோ வீட்டுக் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்தது.

ஆனாலும் ஒரு உண்மை மாறவில்லை. சூடோ வழியாகப் போனாலும் போய்ச் சேருகிற இடம் அதே ரூட். வாசலில் கையெழுத்து வாங்குகிறார்கள், சரி. உள்ளே போன பிறகு? பதிவுக் கோப்பையே அழிச்சிட்டா?

ராணுவம் வேற மாதிரி யோசிச்சது

இதே காலத்தில் இன்னொரு பக்கம் அமெரிக்க ராணுவத்துக்கு வேற கவலை. ரகசியக் கோப்பை அதன் சொந்தக்காரரே நினைத்தாலும் வெளியே விடக்கூடாது. 1973-ல் மைட்டர் நிறுவனத்தில் டேவிட் பெல், லியனார்ட் லபடுலா இருவரும் இதுக்குக் கணக்குப் போட்டு ஒரு மாதிரி உருவாக்கினார்கள். 1983-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 'ஆரஞ்சு புத்தகம்' என்று பேர் பெற்ற விதிநூலை வெளியிட்டது. விதியை சிஸ்டம் போடும், ரூட்டே ஆனாலும் மீற முடியாது என்பது அதன் மேல்படிகளின் சாரம்.

ராணுவத்துக்கு ரகசியம் முக்கியம், சரி. பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும்? அங்கே 'இவர் யார்' என்பதைவிட 'இவர் இப்ப என்ன வேலையில் இருக்கார்' என்பதுதான் கேள்வி. 1992-ல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் எழுதிய கட்டுரை இதுக்கு முறையான வடிவம் கொடுத்தது. அதிகாரத்தை ஆளுக்குக் கொடுக்காதே, பொறுப்புக்குக் கொடு. ஆளைப் பொறுப்பில் வை. இதுதான் 'ரோல்'. 2004-ல் இது அமெரிக்கத் தரநிலையாகவே ஆனது.

கட்டளை வரிக்கு இது வந்த வழிகளில் ஒன்று சோலாரிஸ். 2000-ல் வந்த சோலாரிஸ் 8-ல் ரோல் என்பது ஒரு தனி வகைக் கணக்கு. அதில் நேராக லாகின் செய்ய முடியாது. முதலில் உங்க பெயரில் உள்ளே வரணும், அப்புறம்தான் 'சு' போட்டு ரோலுக்கு மாறணும். 2011-ல் வந்த சோலாரிஸ் 11-ல் ரூட்டையே வெறும் ரோல் ஆக்கிவிட்டார்கள். ராஜாவைப் பதவியாக்கியாச்சு :-)

நியூரோல்: ரூட்டுக்கே கடிவாளம்

இப்ப கதையின் உச்சம். 2000 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் என்.எஸ்.ஏ., ஆமாம், ஒட்டுக்கேட்பதுக்குப் பேர் போன அதே என்.எஸ்.ஏ., எஸ்.ஈ.லினக்ஸ் என்ற மென்பொருளை மூல நிரலோடு வெளியிட்டது. 2001-ல் லினக்ஸ் கெர்னல் ஆட்களின் கூட்டத்தில் அவர்கள் வந்து விளக்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸ், ஒரே ஒரு முறையைக் கெர்னலில் சேர்க்காமல், எந்த முறையையும் செருகிக்கொள்ளும்படி பொதுவான ஒரு சட்டகம் வேணும்னு சொன்னார். அப்படிப் பிறந்த சட்டகத்தின் மேல் 2003-ல் எஸ்.ஈ.லினக்ஸ் கெர்னல் 2.6-க்குள் வந்தது.

இதில் ஒவ்வொரு புரோசெஸுக்கும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். யூசர், ரோல், டைப், தேவைப்பட்டால் ரகசிய அளவு. 'ஐடி' கட்டளையோடு பெரிய 'இசட்' போட்டால் உங்க சீட்டைப் பார்க்கலாம். மல்டிக்ஸின் மூணு துண்டு அடையாளம் ஞாபகம் வருதா? அதேதான், முப்பது வருஷம் கழிச்சு, வேற சட்டையில்.

இந்தச் சீட்டில் ரோலை மாற்றுகிற கட்டளைதான் 'நியூரோல்'. 1975-ல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸிலிருந்தே இருக்கும் 'நியூஜிஆர்பி', அதாவது குழு மாறும் கட்டளையின் தம்பி மாதிரி பெயர். சாதாரணமாக 'ஸ்டாஃப்' ரோலில் உள்ளே வந்த ஒருவர், நிர்வாக வேலைக்கு 'சிஸ்அட்ம்' ரோலுக்கு மாறணும்னா நியூரோல் அடிக்கணும். அது உங்க சொந்த பாஸ்வேர்டைக் கேட்கும். நீங்க யாருன்னு அதுக்கு ஏற்கெனவே தெரியும், அப்புறம் எதுக்குக் கேக்குது? கீபோர்டு முன்னாடி நிஜமாவே நீங்கதான் இருக்கீங்களா, இல்லை உங்க பேரில் ஓடுற ஏதோ ஒரு புரோகிராம் திருட்டுத்தனமா ரோல் மாறப் பாக்குதான்னு தெரிஞ்சுக்கத்தான்.

அப்புறம் பாலிசியைப் பார்க்கும். இந்த ரோலிலிருந்து அந்த ரோலுக்குப் போக அனுமதி எழுதியிருக்கா? இருந்தால் புதிய சீட்டோடு புதிய ஷெல் ஒன்றைத் திறக்கும். அதோடு நிக்காது, நீங்க உக்காந்திருக்கிற டெர்மினலின் சீட்டையும் மாத்தும். பழைய ரோலில் இன்னும் ஓடிக்கிட்டிருக்கிற புரோசெஸ் ஏதாவது நீங்க புது ரோலில் அடிப்பதை எட்டிப் பாத்துடக்கூடாதே. வேலை முடிச்சு வெளியே வந்தா டெர்மினலைப் பழையபடி மாத்தி வைக்கும்.

இதில் புதுசாக வருகிறவர்கள் குழம்புகிற இடம் ஒண்ணு உண்டு. நியூரோல் உங்க யூசர் எண்ணை மாற்றாது! 'சிஸ்அட்ம்' ரோலுக்குப் போனாலும் நீங்க ரூட் இல்லை. ரூட் ஆகணும்னா தனியாக 'சு' போடணும். ஆனா ரூட் ஆனாலும் ரோல் இல்லைன்னா வேலை நடக்காது. பேங்க் லாக்கர் மாதிரி. உங்க சாவி ஒண்ணு, பேங்க்காரர் சாவி ஒண்ணு, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

இதை நிரூபிச்சுக் காட்ட ரஸ்ஸல் கோக்கர் என்கிற டெபியன் ஆள் ஒரு வேலை செய்தார். எஸ்.ஈ.லினக்ஸ் ஓடுகிற ஒரு மெஷினை இணையத்தில் வைத்து, அதன் ரூட் பாஸ்வேர்டை ஊர் உலகத்துக்கே அறிவித்தார். வாங்க, ரூட்டாவே உள்ள வாங்க, என்ன செய்ய முடியுதுன்னு பாருங்க! ரூட்டுக்கு அங்கே சாதா யூசரின் ரோல்தான். கையில் செங்கோல், தலையில் கிரீடம், ஆனா வாசலைத் தாண்ட முடியாது.

ரகசிய அளவுகளோடு ஓடும் கடுமையான பாலிசியில் இன்னும் ஒரு படி மேல. நிர்வாகிக்கு ஒரு ரோல், பாதுகாப்பு விதி எழுதுகிறவருக்கு ஒரு ரோல், தணிக்கைப் பதிவைப் பார்க்கிறவருக்கு ஒரு ரோல். மூணும் தனித்தனி. நிர்வாகி தப்பு செய்துவிட்டுத் தணிக்கைப் பதிவைத் துடைக்க முடியாது. சூடோவால் பதில் சொல்ல முடியாத கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தது. 2007-ல் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 5 இப்படிப்பட்ட அமைப்புக்கு அரசாங்க அளவிலான சான்றிதழும் வாங்கியது.

அப்புறம் ஏன் யாரும் அடிக்கிறதில்லை?

நியாயமான கேள்வி. 2004-ல் ஃபெடோரா கோர் 2-ல் எஸ்.ஈ.லினக்ஸைக் கொண்டுவந்தபோது, எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் பாலிசியால் தொட்டதெல்லாம் முட்டிக்கொண்டது. அதனால் அதைத் தானாக ஓடாதபடி அணைத்தே வெளியிட்டார்கள். அதே வருஷம் ஃபெடோரா கோர் 3-ல் ஒரு சமரசம். இணையத்தைப் பார்த்து நிற்கிற சர்வீஸ்களை மட்டும் கட்டுவது, உள்ளே வருகிற மனுஷர்களை விட்டுவிடுவது. அதனால் நம்மில் பெரும்பாலோர் சீட்டில் 'கட்டில்லாதவர்' என்றுதான் எழுதியிருக்கும். கட்டே இல்லாதவருக்கு ரோல் மாற வேண்டிய அவசியம் என்ன?

அப்படியும் ஏதாவது ஓடலைன்னா முதல் வேலையா எஸ்.ஈ.லினக்ஸை அணைக்கிற கை நம்ம கை. அப்படி அணைக்கும்போதெல்லாம் ரெட் ஹாட்டின் டான் வால்ஷ் கண்ணீர் விடுகிறார்னு சொல்றதுக்கே ஒரு வலைத்தளம் இருக்கு!

இதுக்கு நடுவில் ரிட்சியின் பிட் தன் வேலையைக் காட்டியது. 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் சூடோவில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து அறிவித்தது. சூடோ பட்டியலில் பெயரே இல்லாத சாதா யூசர்கூட ரூட் ஆகலாம். அந்த ஓட்டை 2011 ஜூலையிலிருந்தே அங்கே இருந்தது. பத்து வருஷம் யார் கண்ணிலும் படலை.

அதுக்குப் பிறகு மாற்றுகளைப் பற்றிய பேச்சு சூடு பிடித்தது. ஓப்பன் பி.எஸ்.டி. 2015-லேயே 'டூஆஸ்' என்ற சின்னஞ்சிறு கட்டளைக்கு மாறியிருந்தது. 2024-ல் சிஸ்டம்டி ஆட்கள் 'ரன்ஜீரோ' கொண்டுவந்தார்கள். இது செட்யூஐடி பிட்டையே நம்பாமல், புதிய புரோசெஸைத் திறந்து கொடுக்கச் சொல்லி சிஸ்டத்திடம் கேட்கும். நீங்க அதிகாரத்தில் இருக்கிற வரைக்கும் டெர்மினல் பின்னணியைச் சிவப்புச் சாயலாக்கிக் காட்டும். 2025 அக்டோபரில் உபுண்டு 25.10, ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய சூடோவை இயல்பாக எடுத்துக்கொண்டது.

கவனிச்சீங்களா, இந்தப் புது வரவு எல்லாமே 'எப்படிப் பத்திரமா ரூட் ஆகுறது'ங்கிற கேள்விக்குத்தான் பதில் தேடுது. 'எதுக்கு முழு ரூட் ஆகணும்'னு கேட்டது மல்டிக்ஸும், ரோலை நம்பினவங்களும்தான். அந்தக் கேள்வியோட பதில் நம்ம மெஷினுக்குள்ளேயே, கட்டளையா, கையேட்டோட தூங்கிக்கிட்டிருக்கு. எழுப்பினா வேலை ஜாஸ்தி, பாலிசி எழுதணும், பொறுமை வேணும். அதனால விட்டுட்டோம்.

விட்டதோட விலையை எப்பவும் நாமளே கொடுக்கிறதில்லை. பல சமயம் சேர்ந்து மூணு மாசம் ஆன எவனாவதுதான் கொடுக்கிறான். உங்க அலுவலகத்தில் இன்னமும் ஒரே ரூட் பாஸ்வேர்டு பல பேர் கையில் இருந்தா, நியூரோல் வரைக்கும் போக வேணாம், குறைஞ்சபட்சம் பேர் பதியிற மாதிரி சூடோவாவது போடச் சொல்லுங்க.

கொசுறு: எக்ஸ்கேசிடி கார்ட்டூனின் 149-வது படத்தில் ஒருத்தன் சாண்ட்விச் செய்து தரச் சொல்வான், முடியாதுன்னு பதில் வரும். அதையே சூடோ போட்டுக் கேட்பான், உடனே சரின்னு பதில் வரும். வீட்டில் முயற்சி செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே பாலிசி எழுதுகிறவர் நீங்க இல்லை :-)